குழாயைச் சுற்றி எல்.இ.டி.யும் போட்டோடயோடும் அடுக்கினால் காப்புரிமை கிடைக்குமா?

6 ஜூலை 2025, மாலை. மாதவரம் வாசகர் கேட்டது

நானும் தம்பியும் மாதவரத்தில் வாட்டர் லெவல் கன்ட்ரோலர் செய்து விற்கிறோம். டேங்கர் லாரித் தண்ணீர் சம்ப்பில் இறங்கும்போதே எவ்வளவு கலங்கல் என்று காட்டும் சென்சார் ஒன்று செய்திருக்கிறோம். ஒரு கண்ணாடிக் குழாய். சுற்றிலும் இரண்டு இன்ஃப்ராரெட் எல்.இ.டி., ஒளியை உணரும் டிடெக்டராக இரண்டு போட்டோடயோடு, 90 டிகிரிக்கு ஒன்றாக. அதற்கு மேல் மூன்றாவதாக ஒரு எல்.இ.டி., அதை ஒட்டியே ஒரு போட்டோடயோடு. பேட்டண்ட் ஏஜெண்ட் ஒருவரிடம் காட்டினோம். "எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கிற சாமான். இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 3(எஃப்) வரும், கிடைக்காது" என்றார். நிஜமா?

6 ஜூலை, இரவு 11 மணி

நிஜம். 3(எஃப்), அதாவது தெரிந்த சாமான்களை வெறுமனே அடுக்கினால் காப்புரிமை இல்லை என்கிற சட்டப் பிரிவு, வரும். எனக்கு வந்தது.

கிண்டி எஸ்டேட்டில் 20 லிட்டர் கேன் நிரப்புகிறவர்களுக்காக ஒரு சோதனைக் கருவி செய்தேன். திரும்பி வரும் காலி கேனுக்குள் பாசி படிந்திருக்கிறதா, உள்ளே கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது. கேனைச் சுற்றி ஆறு எல்.இ.டி., நாலு டிடெக்டர். 2014ல் மனு போட்டேன். 2018ல் காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்தது. பாட்டிலைச் சுற்றி ஒளிமூலங்களை வளையமாக வைத்த பழைய ஆவணம் ஒன்று, பல டிடெக்டர் வைத்த ஆவணம் இன்னொன்று, கூடவே பிரிவு 3(எஃப்). பதில் எழுதினேன், விசாரணைக்குப் போனேன், மனு நிராகரிக்கப்பட்டது. ஐந்து வருஷம்.

கையில் இருக்கும் பணத்தை அச்சுக்கும் பெட்டிக்கும் போடுங்கள். என் பதில் அதுதான்.

7 ஜூலை, காலை 6 மணி

நேற்று எழுதியதில் பாதி தப்பு. ராத்திரி தூங்காமல் சட்டத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 3(எஃப்) வரும் என்றது சரி. கிடைக்காது என்றது சரியில்லை.

காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3, உட்பிரிவு எஃப். என் வார்த்தையில் சொல்கிறேன்: தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்குவதோ, மாற்றி அடுக்குவதோ, இரட்டிப்பதோ கண்டுபிடிப்பு ஆகாது. எப்போது ஆகாது? அவை ஒவ்வொன்றும் ஒன்றையொன்று சாராமல், தெரிந்த விதத்திலேயே இயங்கும்போது. நானும் என் ஏஜெண்டும் முன்பாதியைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தோம். பின்பாதியில்தான் வாசல் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1890ல் ஒரு வழக்கு, வில்லியம்ஸ் எதிர் நை. இறைச்சியைக் கொத்தும் மெஷின் பழையது, அதைக் குடலில் அடைக்கும் மெஷினும் பழையது. இரண்டையும் ஒரே மெஷினாக்கினார் ஒருவர். காப்புரிமை நிற்கவில்லை. கொத்துவது கொத்திக்கொண்டிருந்தது, அடைப்பது அடைத்துக்கொண்டிருந்தது.

நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால், கிரைண்டர் தலையில் இட்லிப் பானையைப் பொருத்தி ஒரே மெஷின் என்பது போல. ஆனால் கல் சுற்றும் இழுவையைப் பார்த்து மாவின் பதம் அறிந்து, தண்ணீர்க் குழாய் தானாகத் திறந்து மூடினால்? மோட்டாரும் பழசு, வால்வும் பழசு. ஆனால் ஒன்றின் வேலை இன்னொன்றைப் பொறுத்து மாறுகிறது. அங்கே 3(எஃப்) ஒட்டாது. அதற்கப்புறம் புதுமை, கண்டுபிடிப்புப் படி (தொழில் தெரிந்தவனுக்கு எளிதில் தோன்றாததா) என்கிற வேறு கேள்விகள் வரும். அவை தனி.

அதனால் மாதவரத்துத் தங்கச்சிக்கு என் கேள்வி: அந்த மூன்றாவது எல்.இ.டி. எதற்கு?

9 ஜூலை

பெரம்பூர் அண்ணன் கேட்கிறார், "ஒளிமூலமும் டிடெக்டரும் எப்படி ஒன்றையொன்று சார்ந்திருக்க முடியும்? ஒன்று எரிகிறது, ஒன்று பார்க்கிறது, அவ்வளவுதானே?" அவருக்காக இரண்டு எல்.இ.டி., இரண்டு போட்டோடயோடு வளையத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

கலங்கலை அளப்பதென்றால், தண்ணீரில் மிதக்கும் துகள் பக்கவாட்டில் சிதறடிக்கும் ஒளியை அளப்பது. ஐ.எஸ்.ஓ. 7027 தரம் 860 நானோமீட்டர் இன்ஃப்ராரெட்டை எடுத்துக்கொண்டு 90 டிகிரியில் பார்க்கச் சொல்கிறது. இன்ஃப்ராரெட் ஏன் என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் நிறம் அந்த அலைநீளத்தில் குறுக்கே வராது. சிக்கல் கண்ணாடியில். 'அ' டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் அழுக்குப் படிந்து, பாதி ஒளிதான் உள்ளே போகிறது என்று வையுங்கள்.

முதல் எல்.இ.டி. எரியும்போது 'அ' நேரே எதிரில் இருக்கிறது, நேர்வரவு ஒளி பாதியாகத் தெரிகிறது. 'ஆ' 90 டிகிரியில் இருக்கிறது, சிதறல் ஒழுங்காகத் தெரிகிறது. சிதறலை நேர்வரவால் வகுத்தால் இரண்டு மடங்கு கலங்கல் காட்டும். அடுத்து இரண்டாவது எல்.இ.டி. இப்போது 'அ' சிதறலைப் பார்க்கிறது, அது பாதி. 'ஆ' நேர்வரவைப் பார்க்கிறது, அது முழுசு. கணக்கு பாதிக் கலங்கல் காட்டும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அழுக்கு கணக்கிலிருந்தே விழுந்துவிடும். எல்.இ.டி. வயதாகி மங்கினாலும் இதேதான்.

இந்த நாலில் எதையும் தனியாக எடுத்து வைத்தால் இந்தப் பலன் வராது. இதைத்தான் சார்ந்து இயங்குவது என்கிறேன்.

9 ஜூலை, அரை மணி கழித்து

எழுதி முடித்த பிறகு உறைத்தது. மேலே விளக்கியது எல்லாம் பழசு. நாலு கற்றை முறை என்று பெயர். கிரேட் லேக்ஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் முறை, அங்கே குடிநீர்ச் சோதனைக்கு ஏற்கப்பட்டது 1992ல். ஆக, தங்கச்சி, உங்கள் வளையம் 3(எஃப்)ஐத் தாண்டினாலும் புதுமையில் விழும். வளையத்தை மறந்துவிடுங்கள். மீண்டும் கேட்கிறேன், மூன்றாவது எல்.இ.டி. எதற்கு?

12 ஜூலை

பதில் வந்திருக்கிறது. அவர் எழுதியதன் சுருக்கம்: அவர்கள் தெருவில் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். பக்கெட்டில் பிடித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் செம்பழுப்பாகிவிடும். டேங்கர்காரர்களும் சில நேரம் அப்படிப்பட்ட தண்ணீரைத்தான் கொண்டுவருகிறார்கள். இரண்டு வாரத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் துருநிறத்தில் ஒரு படலம். அதற்கப்புறம் நல்ல தண்ணீர் விட்டாலும் கருவி கலங்கல் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நாலு கற்றை வைத்தும்.

படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நாலு கற்றை முறை அழுக்கை விழுங்கிவிடும் என்று மூன்று நாள் முன்புதான் எழுதினேன். ஏன் விழுங்கவில்லை?

மத்தியானம் முழுக்க யோசித்தேன். நாலு கற்றைக் கணக்கு, அழுக்கு ஒளியைக் குறைக்கும் என்று மட்டும் வைத்துக்கொள்கிறது. குறைப்பது பெருக்கலில் வரும், வகுத்தால் போய்விடும். இரும்புப் படலம் இன்னொரு காரியமும் செய்கிறது. தானே ஒளியைச் சிதறடிக்கிறது. எல்.இ.டி.க்கு முன்னால் இருக்கும் படலம் ஒளிர்ந்து, அந்த ஒளி குழாய்ச் சுவர் வழியாகவே சுற்றிப் போய் 90 டிகிரி டிடெக்டரில் விழுகிறது. தண்ணீருக்குள் போகவே இல்லை. இது கூட்டலில் வருகிற பிழை. வகுத்தால் போகாது.

ஐ.எஸ். 10500 குடிநீர்க் கலங்கலுக்கு வைத்திருக்கும் அளவு 1 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு), வேறு வழியில்லாத இடத்தில் 5. இவ்வளவு சின்ன எண்ணை அளக்கும் இடத்தில் படலம் மட்டுமே இரண்டு மூன்று என்று காட்டினால் கருவிக்கு அர்த்தமே இல்லை.

அங்கேதான் அந்த மூன்றாவது எல்.இ.டி. அதுவும் அதன் பக்கத்து டிடெக்டரும் படலத்தைப் பார்ப்பதற்காக வைத்தவை. ஒட்டி உட்கார்ந்திருப்பதால் சுவரிலிருந்து உடனே திரும்பும் ஒளிதான் அதற்கு அதிகம் வரும். தண்ணீர் ரொம்பக் கலங்கலாக இருந்தால் தண்ணீரிலிருந்து திரும்புவதும் கொஞ்சம் கலந்துவிடும். அதைக் கழிக்க வளையத்தின் எண் வேண்டும். வளையத்தின் எண்ணைத் திருத்தப் பக்கத்து டிடெக்டரின் எண் வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருத்தி, திருத்தியதை வைத்து முதலாவதைத் திருத்தி, இரண்டு மூன்று சுற்றில் எண் நிற்கிறது என்கிறார் தம்பி.

தங்கச்சி, உங்கள் கண்டுபிடிப்பு வளையமும் இல்லை, மூன்றாவது எல்.இ.டி.யும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் கொடுக்கல் வாங்கல். 3(எஃப்)இன் பின்பாதிக்கு இதைவிட நேரான பதில் நான் பார்த்ததில்லை.

12 ஜூலை, இரவு

ஆர்வத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். மூன்றாவது எல்.இ.டி.யை ஒட்டியிருப்பது போல, திரும்பி வரும் ஒளியைப் பார்க்கும் பின்சிதறல் டிடெக்டரும் புதிது இல்லை. ஹாக் கம்பெனியின் விகித முறைக் கலங்கல் கருவிகளில் 90 டிகிரி, நேர்வரவு, முன்சிதறல், பின்சிதறல் என்று பல கோண டிடெக்டர்கள் ஏற்கெனவே உண்டு. அங்கே அவற்றின் வேலை அளவெல்லையைக் கூட்டுவதும் நிறத்தின் பாதிப்பைச் சரிக்கட்டுவதும். குழாய்ச் சுவரின் படலத்தைக் கழிப்பதற்காக யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். தேடாமல் மனு போடாதீர்கள். காப்புரிமைகளைத் தேடும் தளங்கள், இந்தியாவுக்கு இன்பாஸ், வெளியே எஸ்பாஸ்நெட். சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் பாதி கைக்கு வராது, வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள்: ஜி01என் 21/51, ஜி01என் 21/53. பின்னது ஓடும் திரவத்துக்கானது.

13 ஜூலை

மாதவரம் வாசகர் காலையில் இங்கே போட்ட படத்தை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார். பக்கத்து டிடெக்டர் எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்பது ஸ்கேலோடு தெரிந்தது. மனு போடும் வரை இங்கே தூரமும் கோணமும் யாரும் கேட்க வேண்டாம். நான் மேலே எழுதியதே அதிகமோ என்று இப்போது கவலையாக இருக்கிறது. அவர் சம்மதம் கேட்டுத்தான் எழுதினேன். ஆனாலும் பொதுவில் எழுதியது எழுதியதுதான். சீக்கிரம் போடுங்கள்.

13 ஜூலை, மாலை

பிப்ரவரியில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் கருவியை வைத்தார்களாம். என்ன ஆகும் என்று கேட்கிறார்.

பிரிவு 31 கண்காட்சிக்கு 12 மாத விலக்கு தருகிறது. ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும். கல்லூரிக் கண்காட்சி அதில் வராது. அன்றைக்கு வைத்தது எது? வெறும் வளையம் மட்டும் என்கிறார், மூன்றாவது எல்.இ.டி. மே மாதம் சேர்த்ததாம். அப்படியானால் நஷ்டம் இல்லை, வளையம் எப்படியும் பழசு.

டேங்கரில் பொருத்தித் தெருவில் வைத்து ஓட்டிப் பார்த்தது? அதற்குப் பிரிவு 32. நியாயமான சோதனைக்காக, பொதுவில் செய்தே ஆக வேண்டிய தன்மை உள்ள கண்டுபிடிப்பை மனுவுக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் ஓட்டிப் பார்த்தால், அதனால் மட்டும் புதுமை போகாது. டேங்கர் தண்ணீரை டேங்கரில்தான் சோதிக்க முடியும். தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். விற்காதீர்கள். ஒரு பீஸ்கூட விற்காதீர்கள்.

20 ஜூலை

சில பேர் தனிச்செய்தியில், "நம்ம கோர்ட்டுகள் இதில் என்ன சொல்லியிருக்கின்றன?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு.

முதலாவது 1978ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது, பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ். பித்தளைப் பாத்திரம் கடைவதற்கு லேத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு 1951ல் வாங்கிய காப்புரிமை. தெரிந்த உறுப்புகளைச் சேர்த்து வைத்ததில் புனைதிறன் இல்லாவிட்டால் அது பட்டறை மேம்பாடுதான், காப்புரிமைக்குத் தகாது என்று செல்லாமல் ஆக்கினார்கள். என் விசாரணைக்குப் போவதற்கு முன்பு இதைப் படித்திருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பேன். அங்கே கேள்வி, உறுப்புகள் பழையவையா என்பதோடு நிற்கவில்லை. சேர்ந்ததில் என்ன வந்தது என்பது வரை போகிறது.

இரண்டாவது நம் ஊரில் நடந்தது. பஜாஜ் எதிர் டி.வி.எஸ்., சென்னை உயர் நீதிமன்றம். இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்த எஞ்சின். இரண்டு பிளக் உலகத்தில் ஏற்கெனவே இருந்தது, டி.வி.எஸ். ஹோண்டாவின் பழைய காப்புரிமையைக் காட்டியது. பஜாஜ் சொன்னது, 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை சிலிண்டர் உள்விட்டம் உள்ள சின்ன எஞ்சினில் வைப்பது வேறு காரியம் என்று. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி டி.வி.எஸ்.ஸின் ஃப்ளேம் வண்டிக்குத் தடை போட்டார். 2009 மே மாதம் இரண்டு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம், வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள் என்றது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "இன்ன அளவுக் குழாயில்" என்று அளவைச் சொல்வதால் மட்டும் பலம் வராது. அந்த அளவில் என்ன நடக்கிறது, மற்ற அளவில் ஏன் நடக்காது என்று சொன்னால்தான் பலம்.

16 ஆகஸ்ட்

ஒரு மாதமாக எழுதவில்லை, அச்சு வேலை. நேற்று முன்தினம் ஆப்பிள் தன் வாட்சில் ரத்த ஆக்சிஜன் அளவை அமெரிக்காவில் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது. வாட்ச் ஒளியை அளக்கும், கணக்கை ஐபோன் போடும். பெரம்பூர் அண்ணன் இணைப்பை அனுப்பி, "இது உங்கள் கேஸ் மாதிரியே இருக்கிறதே" என்றார். கிட்டத்தட்ட அதேதான்.

மாசிமோ என்ற கம்பெனியின் காப்புரிமைகள், மூலத் தேதி 2008. 2023 அக்டோபரில் அமெரிக்கப் பன்னாட்டு வர்த்தக ஆணையம் இரண்டு காப்புரிமைகளை வைத்து வாட்ச் இறக்குமதிக்குத் தடை போட்டது. 2024 ஜனவரியில் ஆப்பிள் அந்த வசதியை அங்கே அணைத்தது. அந்தக் கோரிக்கைகளை, அதாவது எதற்கு உரிமை என்று காப்புரிமையில் எழுதியிருக்கும் பகுதியை, வாசித்துப் பாருங்கள். எல்.இ.டி. தொகுதிகள், நாலு போட்டோடயோடு, மேலே குவிந்த ஒரு மேடு, மேட்டில் திறப்புகள், நடுவே ஒளி கசியாத சுவர். முழுக்க முழுக்க அடுக்கு வேலை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பல காப்புரிமைகளை அங்கேயுள்ள காப்புரிமை வாரியம் 2022ல் வெளிப்படையானவை என்று சொல்லிச் செல்லாததாக்கியது. காட்டப்பட்ட பழைய ஆவணங்களில் ஒன்று, நடுவில் ஒரு எல்.இ.டி., சுற்றி டிடெக்டர்கள், மேலே தட்டையான தகடு. இன்னொன்றில் குவிந்த தகடு. இரண்டையும் சேர்ப்பது தொழில் தெரிந்தவனுக்குத் தோன்றக்கூடியதுதான் என்றார்கள். ஒரே குடும்பம், ஒரே படங்கள். சில கோரிக்கைகள் நின்றன, சில விழுந்தன. கோரிக்கையில் எந்த உறுப்பு எதோடு சேர்ந்து வருகிறது என்பதில் அவ்வளவு இருக்கிறது.

17 ஆகஸ்ட்

பல்ஸ் ஆக்சிமீட்டர் பற்றிப் பேச்சு வந்ததால் இது. 2021 மே மாதம் அம்மாவின் விரலில் அந்தக் கிளிப்பை மாட்டிவிட்டு மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். 94, 93, 95. அந்த எண்ணை நம்பித்தான் வீட்டிலேயே வைத்திருந்தோம். அம்மா பிழைத்துவிட்டார்.

அந்த யோசனை டக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியருடையது. நிஹோன் கோடன் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1974ல் மனு போட்டார். மினோல்டாவும் அதே யோசனைக்கு ஒரு மாதத்துக்குள் மனு போட்டது. அவோயாகி முந்திக்கொண்டார். அவர் 2020 ஏப்ரலில் காலமானார், உலகமே அந்தக் கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்த மாதத்தில்.

660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட். இரண்டின் துடிப்பையும் விகிதமாக்கினால் விரலின் தடிமனும் தோலும் விழுந்துவிடும் என்பது கணக்கு. முழுசாக விழவில்லை. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, கருத்த தோலுள்ள நோயாளிகளிடம் கருவி உள்ளதைவிடக் கூடுதல் ஆக்சிஜன் காட்டும் தவறு வெள்ளையர்களிடம் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. நம் ஊர்த் தோலுக்கு என்ன என்று அன்றைக்கு யோசித்தேன், இன்றைக்கும் யோசிக்கிறேன். வகுத்தால் போகாத மிச்சம் அங்கேயும் இருக்கிறது. மாதவரத்துக் குழாயில் துருப் படலம் செய்தது போல.

24 ஆகஸ்ட்

மனு எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் என் தோல்வியின் உள்ளே இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். 6 ஜூலை குறிப்பில் மேலோட்டமாகத்தான் சொன்னேன்.

என் கேன் கருவியில் ஆறு எல்.இ.டி.யும் ஒரே இடைவெளியில் இல்லை. இரண்டை வேண்டுமென்றே நெருக்கி வைத்திருந்தேன். கீறலென்றால் நெருக்கமான இரண்டில் ஒன்றுக்கு மின்னும், மற்றதற்கு மின்னாது, ஏனென்றால் கீறலுக்குத் திசை உண்டு. பாசியென்றால் இரண்டுக்கும் ஒரே மாதிரி மங்கும். அப்படித்தான் கீறலையும் பாசியையும் பிரித்தேன். கருவியின் உயிரே அதுதான். மாதக்கணக்கில் கேன்களை உருட்டி உருட்டிக் கண்டுபிடித்தது.

மனுவோடு கொடுக்கும் விவரக்குறிப்பில் நான் எழுதியது: "ஆறு ஒளிமூலங்கள், அவற்றில் இரண்டு மற்றவற்றைவிட நெருக்கமாக." ஏன் என்று ஒரு வரி இல்லை. காரணத்தை எழுதினால் போட்டிக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தது போல ஆகிவிடும் என்று பயந்து நானே எடுக்கச் சொன்னேன். ஏஜெண்ட் வைக்கலாம் என்றுதான் சொன்னார்.

ஆய்வறிக்கை வந்த பிறகு காரணத்தைச் சேர்க்கக் கேட்டேன். முடியாது. பிரிவு 59. திருத்தம் என்பது விட்டுக்கொடுத்தல், பிழை திருத்தல், விளக்கம், இவை மட்டும். முதலில் சாராம்சமாகவாவது சொல்லாத விஷயத்தைப் பிறகு நுழைக்க முடியாது. விசாரணையில் நெருக்கி வைத்ததன் பலனைப் பேசினேன். தாளில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இல்லை. நியாயமான கேள்வி.

தங்கச்சி, ஒவ்வொரு உறுப்பும் ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். தள்ளி வைத்தால் என்ன கெடும், நெருக்கி வைத்தால் என்ன கெடும் என்றும் எழுதுங்கள். "தூரத்தை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாமா?" என்று தம்பி கேட்டாராம். கூடாது. பிரிவு 10(4), உங்களுக்குத் தெரிந்த சிறந்த முறையை எழுதியே ஆக வேண்டும். ரகசியம் வேண்டுமென்றால் காப்புரிமை வேண்டாம்.

சோதனை முடிவுகளை மனுவிலேயே வையுங்கள். துடைத்த குழாயில் நல்ல தண்ணீர், துடைத்த குழாயில் கலங்கல், துருப் படலக் குழாயில் நல்ல தண்ணீர், துருப் படலக் குழாயில் கலங்கல். நாலையும் வளையம் மட்டும் வைத்து ஒரு தடவை, பக்கத்து டிடெக்டர் மட்டும் வைத்து ஒரு தடவை, இரண்டும் சேர்த்து ஒரு தடவை. பன்னிரண்டு எண்கள். கலங்கலுக்கு ஃபார்மசின் கரைசல் வாங்கியே பயன்படுத்துங்கள், வீட்டில் கலக்க வேண்டாம், அதில் சேரும் ஹைட்ரசீன் சல்ஃபேட் விஷம்.

கோரிக்கையைக் கருவியாக எழுதுங்கள். திருத்தும் கணக்கை மட்டும் தனியாகக் கேட்டால் 3(கே) குறுக்கே வரும், கணக்கு முறைக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது.

25 ஆகஸ்ட்

தனிச்செய்தியில் ஒருவருக்கு ஆய்வுக் கோரிக்கை (மனுவை ஆராயச் சொல்லிக் கேட்பது) கொடுக்க 48 மாதம் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். தப்பு, மன்னிக்கவும். என் காலத்து விதி அது. 2024 மார்ச் திருத்தத்துக்குப் பிறகு வரும் மனுக்களுக்கு 31 மாதம்.

3 செப்டம்பர்

கட்டணம் கேட்டவர்களுக்கு: தனிநபர் இணையத்தில் போட்டால் மனுவுக்கு 1,600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000. பத்துக்கு மேல் கோரிக்கைகளும் முப்பதுக்கு மேல் பக்கங்களும் போனால் கூடுதல். மனுதாரர் பெண்ணாக இருந்தால் விரைவு ஆய்வு கேட்கலாம், அதற்கு 8,000. தங்கச்சி பேரும் இருக்கிறது, கேளுங்கள் என்றேன். தற்காலிக மனு போட்டால் முழு மனுவுக்கு 12 மாதம். ஆனால் தற்காலிக மனுவை ஒரு பக்கத்தில் முடித்துவிடாதீர்கள், அதில் இல்லாததற்கு அந்தத் தேதி கிடைக்காது.

19 அக்டோபர்

நாளைக்குத் தீபாவளி. மழை பிடித்துவிட்டது, சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர்.

மாதவரத்திலிருந்து போன் வந்தது. மனு போன மாதமே போட்டுவிட்டார்கள், முழு மனுவாகவே. தேடியதில் சுவரின் படலத்தைப் பார்க்கும் டிடெக்டர் ஒன்று கிடைத்ததாம். ஆனால் அது படலம் அதிகமானால் "துடைக்கவும்" என்று எச்சரிக்கை மட்டும் தருகிறது, அளவைத் திருத்துவதில்லை. அந்த ஆவணத்தை விவரக்குறிப்பில் அவர்களே குறிப்பிட்டு, வித்தியாசத்தையும் எழுதிவிட்டார்களாம். நான் செய்திருக்கமாட்டேன், மறைத்திருப்பேன். அவர்கள் செய்ததுதான் சரி என்று தோன்றுகிறது.

பன்னிரண்டு எண்களில் ஒன்று மட்டும் சொன்னார். துருப் படலக் குழாயில் நல்ல தண்ணீர்: வளையம் மட்டும் வைத்தால் 2.8, இரண்டும் சேர்த்தால் 0.4. துடைத்த குழாயில் அதே தண்ணீர் 0.3.

இந்த மழையில் டேங்கர் ஓட்டம் குறைவு, அதனால் ஏரித் தண்ணீர் வரும் மெட்ரோ குழாயில் ஒன்றை மாட்டியிருக்கிறார்களாம். அதில் துரு இல்லை, பாசிப் படலம்தான் வரும். பாசி இன்ஃப்ராரெட்டை வேறு மாதிரி சிதறடிக்கும், திருத்தம் அதே போல வேலை செய்யுமா என்று கேட்டார். என்னிடம் பழைய கேன்கள் இரண்டு பாசியோடு பரணில் கிடக்கின்றன. பண்டிகை முடிந்ததும் எடுத்துக்கொண்டு மாதவரம் போகிறேன்.